சாப்பிட மறுக்கும் குழந்தை: உணவூட்டல் கோளாறுகளை மதிப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாயைத் திறக்க மறுக்கும் குழந்தையோடு தினமும் அல்லாடும் பெற்றோருக்கும், அவர்களை அடுத்து யாரிடம் அனுப்புவது என்று யோசிக்கும் மருத்துவத் துறையினருக்கும் இந்தக் கேள்வி பதில்கள் உதவும். குழந்தைகளின் உணவூட்டல் கோளாறுகளை யார் எப்படி ஆராய்கிறார்கள், எந்தச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதே இதில் இருக்கிறது. சிகிச்சை முறைகளுக்குள் அதிகம் போகவில்லை. மதிப்பீடு பாதியில் நின்றதால் தவறான இடத்தில் தொடங்கிய சிகிச்சைகளை நிறையப் பார்த்தாகிவிட்டது. அதனால் முதலில் மதிப்பீட்டைப் பேசுவோம்.

எல்லாக் குழந்தைகளும்தான் சாப்பிட அடம் பிடிக்கின்றன. எப்போது அதைக் கோளாறு என்று சொல்வது?

இரண்டு வயதையொட்டிப் புது உணவைக் கண்டால் ஒதுங்குவது வளர்ச்சியில் வரும் இயல்பான கட்டம். ஐந்தாறு வயது வரை அது நீடிக்கலாம். ஒரு புதிய உணவை எட்டுப் பத்து தடவை, சில சமயம் பதினைந்து தடவை பார்த்த பிறகுதான் பல குழந்தைகள் அதை வாயில் வைத்துப் பார்க்கும். அப்படிப்பட்ட குழந்தை நன்றாக வளர்கிறது, ஓடியாடுகிறது, ஒவ்வொரு வகை உணவிலும் ஒன்றிரண்டையாவது சாப்பிடுகிறது என்றால் பொறுத்திருந்து பார்க்கலாம்.

கவலைப்பட வேண்டிய நிலை வேறு. ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் அரை மணி நேரத்தைத் தாண்டுகிறது. சாப்பிடும் பண்டங்களின் பட்டியல் மாதத்துக்கு மாதம் சுருங்குகிறது, விட்டுப்போன பண்டம் திரும்பி வருவதே இல்லை. கடித்து மெல்ல வேண்டிய எதையும் தொடுவதில்லை. எடை மாதக்கணக்கில் அதே இடத்தில் நிற்கிறது. விழித்திருக்கும்போது பாலைக் கண்டால் அழுது, தூக்கக் கலக்கத்தில் மட்டும் குடிக்கிறது. இந்தக் கடைசி அறிகுறியைப் பலர் ஒரு வசதியாக எடுத்துக்கொள்கிறார்கள். விழிப்பில் குடிப்பது அந்தக் குழந்தைக்கு வலியையோ பயத்தையோ நினைவூட்டுகிறது என்பதற்கு அது பெரும்பாலும் வலுவான தடயம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். யார் வீட்டுக்கும் போக முடியவில்லை, பள்ளியில் நாள் முழுக்கப் பட்டினி, பெற்றோருக்குள் தினமும் சண்டை என்று குடும்பத்தின் வாழ்க்கையே சாப்பாட்டைச் சுற்றிச் சுழலத் தொடங்கிவிட்டால், எடை எப்படி இருந்தாலும் மதிப்பீடு தேவை.

ஒரு மருத்துவர் ஒரு பெயர் சொல்கிறார், இன்னொருவர் வேறு பெயர் சொல்கிறார். எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். 2019-இல் பல துறை வல்லுநர்கள் சேர்ந்து குழந்தைப் பருவ உணவூட்டல் கோளாறு என்பதற்கு ஒரு பொது வரையறை கொடுத்தார்கள். வயதுக்கு ஏற்ற அளவில் வாய்வழியாகச் சாப்பிட முடியாத நிலை குறைந்தது இரண்டு வாரமாவது நீடிக்க வேண்டும். அதோடு நான்கு தளங்களில் ஒன்றிலாவது சிக்கல் இருக்க வேண்டும்: மருத்துவம், ஊட்டச்சத்து, சாப்பிடும் திறன், உளம் மற்றும் சமூகச் சூழல். மூன்று மாதத்துக்குள் என்றால் குறுகிய கால வகை, அதைத் தாண்டினால் நீடித்த வகை.

மனநல மருத்துவத்தில் புழங்கும் பெயர் ஆர்ஃபிட். உணவைத் தவிர்த்தல், கட்டுப்படுத்தல் சார்ந்த கோளாறு என்று சொல்லலாம். மனநலக் கோளாறுகளைப் பட்டியலிடும் டிஎஸ்எம் கையேட்டின் 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் (டிஎஸ்எம்-5) இது இடம்பெற்றது. அதற்கு முந்தைய கையேட்டில் இருந்த வகை, ஆறு வயதுக்கு முன் தொடங்கும் சிக்கலை மட்டும்தான் பேசியது. இப்போது வயது வரம்பு இல்லை. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலிலும் ஆர்ஃபிட் உண்டு. இதில் மூன்று சாயல்கள் பேசப்படுகின்றன: சுவை, மணம், தொடு உணர்வு பிடிக்காமல் ஒதுக்குவது, தொண்டையில் சிக்கிவிடுமோ, வாந்தி வந்துவிடுமோ என்று அஞ்சி ஒதுக்குவது, பசியோ ஆர்வமோ இல்லாமல் இருப்பது. ஒரே பிள்ளையிடம் இரண்டு சாயல்கள் சேர்ந்திருப்பதும் உண்டு. வீட்டில் உணவுப் பற்றாக்குறை இருப்பதாலோ, குடும்பம் கடைப்பிடிக்கும் விரதம் போன்ற வழக்கத்தாலோ சாப்பிடாமல் இருப்பது இதில் சேராது.

மெல்லவோ விழுங்கவோ தெரியாத குழந்தையை முதல் வரையறை பிடித்துவிடும், இரண்டாவது அப்படியே விட்டுவிடும். பெயரைவிட, எந்தத் தளத்தில் எவ்வளவு சிக்கல் என்பதுதான் அடுத்த அடியைத் தீர்மானிக்கிறது.

சரி, இது உடம்புப் பிரச்சினையா, மனசுப் பிரச்சினையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மருத்துவமும் வெகுகாலம் இப்படித்தான் கேட்டது. குழந்தை வளரவில்லை என்றால் உடல் காரணம் உள்ளவை ஒரு பக்கம், இல்லாதவை மறுபக்கம் என்று பிரித்தார்கள். சோதனைகளில் ஒன்றும் அகப்படாவிட்டால் பழி தாயின் தலையில் விழுந்தது. இந்தப் பிரிவினை பொருந்தவில்லை என்பதால்தான் அது கைவிடப்பட்டது.

நடைமுறையில் இது எப்படி நிகழ்கிறது என்று பாருங்கள். நான்கு மாதக் குழந்தைக்குப் பால் புரத ஒவ்வாமை. குடித்தால் வயிறு வலிக்கிறது. இரண்டு வாய் குடித்ததும் உடலை வில்லாக வளைத்து அழுகிறது. எடை குறைகிறதே என்ற பயத்தில் வீட்டார் எப்படியாவது ஊட்டப் பார்க்கிறார்கள். குழந்தை இப்போது பாட்டிலைப் பார்த்தாலே அழுகிறது. ஒவ்வாமை கண்டுபிடிக்கப்பட்டு, பாலும் மாற்றப்படுகிறது, வலியும் போய்விடுகிறது. ஆனால் பாட்டில் என்றால் வலி என்று கற்றுக்கொண்ட பாடம் போகவில்லை. திட உணவு தொடங்க வேண்டிய மாதங்கள் இந்தப் போராட்டத்தில் கழிந்ததால் மெல்லும் பழக்கமும் வரவில்லை. ஒன்றரை வயதில் மசித்த உணவைத் தவிர எதைக் கொடுத்தாலும் ஓங்கரிக்கிறது. இரும்புச்சத்து குறைகிறது, அதனால் பசி இன்னும் மந்தமாகிறது. நார்ச்சத்தும் நீரும் போதாமல் மலச்சிக்கல் வருகிறது, வயிறு எப்போதும் நிறைந்த உணர்வு.

இந்தக் குழந்தையை இரண்டு வயதில் ஒருவர் பார்க்கிறார். இது உடம்பா, மனசா? தொடங்கி வைத்தது ஒன்று, தொடர வைப்பது வேறு. ஒரு துறை மட்டும் பார்த்தால் தன் பங்குச் சிக்கலைச் சரியாகவே கண்டுபிடிக்கும், ஆனாலும் குழந்தை சாப்பிடாது. நான்கு தளங்களையும் ஒரே காலத்தில் பார்த்து, அவை ஒன்றையொன்று எப்படிப் பிடித்து வைத்திருக்கின்றன என்று கண்டறிவதற்குத்தான் மதிப்பீடு என்று பெயர்.

தவறு இரு திசையிலும் நடக்கிறது. உணவுக்குழாயின் கீழ்முனை திறந்துகொடுக்காத அக்கலேசியா என்னும் நோயை மனநலம் சார்ந்த உணவுக் கோளாறு என்று நினைத்து மாதக்கணக்கில் சிகிச்சை தந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மறுபக்கம், பயத்தால் சாப்பிடாத பிள்ளைக்கு கேமராக் குழாயை உள்ளே இறக்கிப் பார்க்கும் எண்டோஸ்கோபிக்கு மேல் எண்டோஸ்கோபியாக எடுத்து அந்தப் பயத்தையே வளர்த்துவிடுவதும் உண்டு.

யார் யார் பார்க்க வேண்டும்?

குழந்தை மருத்துவர், உணவியல் நிபுணர், விழுங்குதலில் பயிற்சி பெற்ற பேச்சு சிகிச்சையாளர், உளவியலாளர் ஆகிய நால்வரும் அடிப்படை. தேவைக்கேற்ப குடல் நோய் நிபுணர், ஒவ்வாமை நிபுணர், காது மூக்கு தொண்டை மருத்துவர், நரம்பியல் மருத்துவர், பல் மருத்துவர் சேர்வார்கள். உட்காரும் நிலை, கைப் பயன்பாடு, தொடு உணர்வு ஆகியவற்றை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பார்ப்பார். எல்லாக் குழந்தைக்கும் எல்லோரும் தேவையில்லை. ஆனால் நான்கு தளங்களில் எதையும் கேட்காமலே விட்டுவிடக் கூடாது.

முதல் சந்திப்பில் என்ன கேட்பார்கள்? எதைத் தயார் செய்துகொண்டு போக வேண்டும்?

இங்கே நேரம் செலவழிப்பவர்தான் நல்ல மருத்துவர் என்பது என் கருத்து. விடையில் பாதி இந்த உரையாடலில் கிடைத்துவிடுகிறது.

பிறப்பிலிருந்து தொடங்குவார்கள். குறைமாதமா, மூச்சுக் கருவியில் எத்தனை நாள், மூக்கு வழியாகக் குழாய் போட்டார்களா? வாயைச் சுற்றி முதல் வாரங்களில் நடந்ததெல்லாம் ஊசி, குழாய், உறிஞ்சி எடுத்தல் என்று இருந்தால், அந்த வாய் உணவை எச்சரிக்கையோடுதான் வரவேற்கும். முதல் மாதங்களில் பால் குடித்தது எப்படி, நடுவில் மூச்சு வாங்க நின்றதா, வியர்த்ததா என்றும் கேட்பார்கள். பால் குடிக்கும்போது வியர்த்துக் களைத்துப்போகும் குழந்தைக்கு இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

அப்புறம் மசித்த உணவு எப்போது, சிறு கட்டிகள் உள்ள உணவு எப்போது தொடங்கியது என்ற கேள்வி. பிரிட்டனில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், பத்து மாதத்துக்குப் பிறகே கட்டியான உணவைப் பார்த்த குழந்தைகளுக்கு ஏழு வயதிலும் சாப்பாட்டுச் சிக்கல்கள் கூடுதலாக இருந்தன. தாமதத்துக்குக் காரணம் வீட்டாரின் பயமா, குழந்தையின் திறன் குறைவா என்று பிரித்தறிவது மதிப்பீட்டின் வேலை.

எதையாவது சாப்பிட்டுத் தொண்டை அடைத்ததா, கடும் வாந்தி வந்ததா, அதற்குப் பிறகு மாற்றம் தெரிந்ததா? என்னென்ன மருந்துகள் சாப்பிடுகிறது? கவனக்குறைவுக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் பசியைக் குறைக்கும். மலம் எப்படிப் போகிறது? தூக்கம் எப்படி? சாப்பாட்டுக்கு இடையில் எவ்வளவு பால், பழச்சாறு உள்ளே போகிறது? நாள் முழுக்கப் பாலைப் பருகிக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு உணவு வேளையில் பசி இருக்காது, இரும்புச்சத்தும் குறையும்.

மூன்று நாள் உணவுக் குறிப்பு எழுதி எடுத்துப் போங்கள். என்ன, எவ்வளவு என்பதோடு எங்கே உட்கார்ந்து, யார் கொடுத்து, எத்தனை நிமிடம், திரை ஓடிக்கொண்டிருந்ததா, சாப்பாடு எப்படி முடிந்தது என்பதையும் எழுதுங்கள். குறிப்பிட்ட நிறுவனத்தின் பிஸ்கட்டை மட்டும்தான் சாப்பிடுவான், உறை மாறினால் தொட மாட்டான் என்றால் அதையும் எழுதுங்கள். வீட்டில் நடக்கும் ஒரு முழுச் சாப்பாட்டைக் கைபேசியில் படமெடுத்துப் போவது மிகவும் உதவும். குழந்தை கேமராவைக் கவனிக்காதபடி தள்ளி வைத்து எடுங்கள்.

எடை சரியாகத்தான் இருக்கிறது. பிறகு என்ன?

எடை ஒரு தகவல் மட்டும். மூன்று நான்கு பண்டங்களை மட்டுமே வயிறு நிறையச் சாப்பிட்டு எடை சரியாகவோ கூடுதலாகவோ இருக்கும் பிள்ளைகளுக்கும் கடுமையான சத்துக்குறைவு இருக்கலாம். பழம், காய்கறி எதையுமே தொடாத ஆட்டிசம் உள்ள சிறுவர்களுக்கு ஸ்கர்வி வந்ததைப் பற்றிப் பல மருத்துவப் பதிவுகள் உண்டு. கால் வலிக்கிறது என்று நடக்க மறுக்கிறார்கள். எலும்பு மருத்துவர், மூட்டு மருத்துவர், எம்ஆர்ஐ என்று அலைந்த பிறகு ஒருவர் ஈறு வீங்கிக் கசிவதைக் கவனித்து, என்னதான் சாப்பிடுகிறான் என்று கேட்கிறார். விடை அங்கே இருக்கிறது: வைட்டமின் சி குறைபாடு. வைட்டமின் ஏ குறைந்து பார்வை பாதிக்கப்பட்ட பிள்ளைகளும் உண்டு. அதனால் உணவியல் நிபுணர் கலோரிக் கணக்கோடு நிற்கக் கூடாது, ஒவ்வொரு நுண்சத்தும் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

வளர்ச்சியைப் பார்க்கும்போது ஒரு நாள் எடையைவிடப் போக்கு முக்கியம். ஐந்து வயது வரை உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சித் தரங்கள், அதற்கு மேல் 2007-இன் மேற்கோள் அட்டவணை என்று பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையின் இசட் ஸ்கோர் (நடு அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் எண்) கழித்தல் 2-க்குக் கீழே போனால் மிதமான ஊட்டக்குறைவு, கழித்தல் 3-க்குக் கீழே போனால் கடுமையானது. கழித்தல் 1-லேயே நின்றாலும், ஆறு மாதம் முன்பு அதே குழந்தை கூட்டல் 1-இல் இருந்தது என்றால் அது பெரிய சரிவு. குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது வரை திருத்திய வயதைக் கொண்டுதான் கணக்கிட வேண்டும்.

என்னென்ன மருத்துவக் காரணங்களைத் தேடுகிறார்கள்?

வலி தருபவை, மூச்சைத் தடுப்பவை, பசியைக் குறைப்பவை, வழியை அடைப்பவை என்று மனதுக்குள் வகுத்துக்கொண்டு தேடினால் எதுவும் விட்டுப்போகாது. வயிற்றில் உள்ளது உணவுக்குழாய்க்குள் மேலேறி வரும் எதுக்களிப்பு நோய், பால் புரத ஒவ்வாமை, வாய்ப்புண், சொத்தைப் பல் ஆகியவை வலி தரும். பெரிதான டான்சிலும் அடினாய்டும், குரல்வளைப் பிளவும், நாட்பட்ட நுரையீரல் நோயும் மூச்சோடு மோதும். உறிஞ்சு, விழுங்கு, மூச்சு விடு என்ற வரிசையில் நிமிடத்துக்குப் பல தடவை இயங்க வேண்டிய கைக்குழந்தைக்கு மூச்சு வாங்கினாலே வரிசை குலைந்துவிடும். மலச்சிக்கல், இரும்பு அல்லது துத்தநாகக் குறைபாடு, சிறுநீரக நோய், சில மருந்துகள் பசியைக் குறைக்கும். உணவுக்குழாய்ச் சுருக்கம், அதை வெளியிலிருந்து நெருக்கும் ரத்தக்குழாய் வளையம், அக்கலேசியா ஆகியவை வழியை அடைக்கும்.

தனியாகச் சொல்ல வேண்டியது, இயோசினோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் உணவுக்குழாயில் சேர்வதால் வரும் இயோசினோஃபில் வகை உணவுக்குழாய் அழற்சி. சின்னக் குழந்தை சாப்பிட மறுக்கும், வாந்தி எடுக்கும். வளர்ந்த பிள்ளை உணவு நெஞ்சில் நிற்கிறது என்று சொல்லும். பல பிள்ளைகள் அதைச் சொல்லாமலே தங்கள் வழியில் சமாளித்துக்கொள்கின்றன: ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிக்கும், மிகச் சிறிதாக வெட்டிக்கொள்ளும், இறைச்சியையும் ரொட்டியையும் ஒதுக்கும், எல்லோரும் எழுந்த பிறகும் மென்றுகொண்டே இருக்கும். எவ்வளவு நேர்த்தியாகச் சாப்பிடுகிறான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

எல்லாச் சோதனைகளையும் ஒரேயடியாக எடுத்துவிட்டால் நிம்மதி இல்லையா?

இல்லை. கேள்வி இல்லாமல் எடுக்கும் சோதனைக்குப் பதிலும் இருக்காது. எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியம் என்ற திரவத்தைக் குடிக்க வைத்து எடுக்கும் படம் உணவுப் பாதையின் அமைப்பைக் காட்டும், எதுக்களிப்பு நோயை உறுதி செய்ய உதவாது. ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைக் குடல் நோய்ச் சங்கங்கள் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. அழுகைக்கு மட்டும், வேறு அறிகுறி இல்லாத கைக்குழந்தைக்கு அமிலக் குறைப்பு மருந்து கொடுத்துப் பார்ப்பதையும் அது ஏற்கவில்லை.

இயோசினோஃபில் அழற்சிக்கு எண்டோஸ்கோபியில் கண்ணால் பார்ப்பது போதாது. பார்வைக்கு இயல்பாக இருக்கும் உணவுக்குழாயிலும் நோய் இருக்கலாம். பல இடங்களிலிருந்து திசு எடுத்து நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். ஒரு பெரிதாக்கப்பட்ட புலத்தில் 15 அல்லது அதற்கு மேல் இயோசினோஃபில் அணுக்கள் என்பதே அளவுகோல். கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையில் இன்னொரு சங்கதி: குழந்தை ஏற்கெனவே கோதுமை உணவை விட்டுவிட்டிருந்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். குழந்தை எதைச் சாப்பிடுகிறது என்பது சோதனை எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விழுங்குவதை எப்படிச் சோதிப்பார்கள்?

முதலில் வெறும் கண்ணும் காதும். குடித்த பிறகு குரல் ஈரமாக, கொழகொழவென்று மாறுகிறதா, கண் கலங்குகிறதா, மூக்கு வழியே வருகிறதா, அடிக்கடி நெஞ்சுச் சளி வருகிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் இருமல் இல்லை என்பதால் எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. உணவோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கியும் இருமலே வராமல் இருக்கும் குழந்தைகள் உண்டு. முக்கியமாக நரம்புச் சிக்கல் உள்ள குழந்தைகளில் இதைப் பார்க்கிறோம். வெளியிலிருந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, கருவி வேண்டும்.

கருவிச் சோதனைகள் இரண்டு. ஒன்று, பேரியம் கலந்த பாலையும் உணவையும் கொடுத்து, விழுங்குவதை எக்ஸ்ரேயில் ஓடும் படமாகப் பதிவது. வாயிலிருந்து உணவுக்குழாய் வரை முழுப் பயணமும் தெரியும். கதிர்வீச்சு குறைவுதான், இருந்தாலும் உண்டு, அதனால் சில நிமிடங்களுக்குள் முடிப்பார்கள். இரண்டாவது, மூக்கு வழியே மெல்லிய கேமராக் குழாயை இறக்கித் தொண்டையை மேலிருந்து பார்ப்பது. இதில் கதிர்வீச்சு கிடையாது, தாய்ப்பால் குடிக்கும்போதே செய்யலாம். விழுங்கும் அந்த ஒரு கணம் மட்டும் தொண்டை மூடிக்கொள்வதால் படம் வெளுத்துப்போகும்.

சோதனை அறையில் குழந்தை அழுது இரண்டு வாய் மட்டும் குடித்திருந்தால், அந்த முடிவு இரண்டு வாய்க்குத்தான் பொருந்தும். களைப்பு வரும் இருபதாவது நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. அறிக்கையை வாங்கும்போது எவ்வளவு குடித்தது, எந்தக் கெட்டியில் கொடுத்தார்கள், வீட்டில் இருப்பதுபோல் உட்கார வைத்தார்களா என்று கேளுங்கள்.

குழந்தை சாப்பிடுவதை மருத்துவக் குழுவினர் எங்கள் முன்னால் உட்கார்ந்து பார்ப்பது எதற்கு?

வாய்வார்த்தையில் வராத தகவல் அங்கே கிடைக்கும். முதல் மூன்று கரண்டிக்கு ஆசையாக வாய் திறக்கும் குழந்தை, நான்காவதில் முகம் சுளித்து முதுகை வளைத்தால் பசி இருக்கிறது, விழுங்கிய பிறகு ஏதோ வலிக்கிறது என்று பொருள். கரண்டி மேசையில் இருக்கும்போதே அழத் தொடங்கினால் பயம் முன்கூட்டியே வந்துவிட்டது. ஆசையாக வாங்கி, கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடம் கழித்துத் துப்பினால் திறனைப் பார்க்க வேண்டும். நாக்கு உணவைப் பக்கவாட்டில் பல்லுக்கு நகர்த்துகிறதா, முன்னும் பின்னும் மட்டும் போகிறதா? தாடை மேலும் கீழும் மட்டும் அசைகிறதா, சுழன்று அரைக்கிறதா? மெல்லத் தெரியாத குழந்தை மெல்ல வேண்டிய உணவை மறுப்பது அடம் அல்ல, நியாயமான தற்காப்பு. கால்கள் அந்தரத்தில் தொங்க, உடல் சரிந்து உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு மெல்லுவதும் சிரமம்.

மேசைக்கு இரு பக்கமும் பார்ப்பார்கள். குழந்தை தலையைத் திருப்பிய உடனே என்ன நடக்கிறது? கரண்டி காத்திருக்கிறதா, துரத்துகிறதா, பொம்மைப்படம் போடப்படுகிறதா, சாப்பாடே எடுத்துவைக்கப்பட்டு வேறு பிடித்த பண்டம் வருகிறதா? மறுத்தால் சாப்பாடு நின்றுவிடும் என்று கற்றுக்கொண்ட குழந்தை மறுப்பைத் தொடர்கிறது. நடத்தை ஆய்வுகளில் அடிக்கடி காணக் கிடைத்த காரணம் இந்தத் தப்பித்தல்தான்.

உளவியலாளரிடம் அனுப்புகிறார்களே, என் வளர்ப்பைக் குறை சொல்கிறார்களா?

இல்லை. அப்படி உணர வைத்தால் அது அனுப்பியவரின் குறை. சாப்பிடாத குழந்தையைப் பார்த்து எந்தத் தாயும் தந்தையும் பதறத்தான் செய்வார்கள். அந்தப் பதற்றத்தில் கெஞ்சுவதும், மிரட்டுவதும், ஓடி ஓடி ஊட்டுவதும் சிக்கலின் விளைவாக வருபவை. பிறகு அவையே சிக்கலை நீடிக்கவும் செய்யலாம். விளைவு எது, காரணம் எது என்று பழி போடாமல் பிரித்துப் பார்ப்பதே உளவியலாளரின் வேலை.

குழந்தையின் பதற்றம், வளர்ச்சி நிலை, கவனம், உணர்வுக் கூர்மை, முன்பு நேர்ந்த அதிர்ச்சி ஆகியவற்றை அவர் பார்ப்பார். பெற்றோரின் தூக்கம், சோர்வு, மனச்சோர்வு, வீட்டில் யாருக்காவது உணவோடு பழைய போராட்டம் உண்டா என்பதையும் கேட்பார். வீட்டில் உணவு போதுமான அளவு கிடைக்கிறதா என்ற கேள்வியையும் யாராவது கேட்டே ஆக வேண்டும். கூச்சத்தால் பலர் அதைக் கேட்பதில்லை, கேட்காததால் சொல்லப்படுவதும் இல்லை.

உளவியலாளரைக் கடைசியில், எல்லாச் சோதனையும் இயல்பு என்று வந்த பிறகு அனுப்புவது தவறான வரிசை. அப்படி அனுப்பினால் ‘உடம்பில் ஒன்றுமில்லை, உங்களிடம்தான்’ என்றே குடும்பத்தின் காதில் விழும். முதல் நாளே மற்றவர்களோடு அவரும் இருந்தால் இந்தக் காயமே ஏற்படாது.

கேள்வித்தாள்களை நிரப்பச் சொல்கிறார்கள். அதை வைத்தே கோளாறு இருக்கிறதா என்று சொல்லிவிடலாமா?

முடியாது. அவை வடிகட்டவும், பின்னால் முன்னேற்றத்தை ஒப்பிடவும் உதவும். மான்ட்ரியல் குழந்தைகள் மருத்துவமனையின் உணவூட்டல் அளவுகோலில் 14 கேள்விகள். சில நிமிடங்களில் முடியும். நடத்தை சார்ந்த பிபிஎஃப்ஏஎஸ் அளவுகோலில் 35 கேள்விகள், அதில் 25 குழந்தையைப் பற்றியும் 10 பெற்றோரின் உணர்வைப் பற்றியும். ஆர்ஃபிட்டின் மூன்று சாயல்களைத் தொட்டுப் பார்க்க ஒன்பது கேள்விகள் கொண்ட நியாஸ் உண்டு. பார்டி என்பது பயிற்சி பெற்றவர் நேரில் நடத்தும் விரிவான நேர்காணல். பெருமூளை வாதம் உள்ள மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் எவ்வளவு பாதுகாப்பாகச் சாப்பிடுகிறார்கள் என்பதை ஈடாக்ஸ் என்னும் வகைப்பாட்டு முறை ஐந்து நிலைகளில் வகைப்படுத்துகிறது. இவற்றில் எந்த மதிப்பெண்ணும் ஒரு வேளைச் சாப்பாட்டை நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது.

ஆட்டிசம் உள்ள குழந்தை என்றால் மதிப்பீடு மாறுமா?

தளங்கள் அதே நான்குதான். ஆனால் ‘ஆட்டிசம்தான் காரணம்’ என்று சொல்லி மற்றதைப் பார்க்காமல் விடும் ஆபத்து இங்கே அதிகம். பேச முடியாத பிள்ளை பல்வலியையும் நெஞ்செரிச்சலையும் மலச்சிக்கலையும் சாப்பாட்டை மறுத்துத்தான் தெரிவிக்கும். நேற்று வரை சாப்பிட்டதை இன்று மறுத்தால் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். ஏற்கும் உணவுகளின் பட்டியலை நிறம், மொறுமொறுப்பு, வெப்பம், வடிவம் என்று பிரித்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். எதிர்பார்த்தபடியே இருக்கும் உணவை அவன் நம்புகிறான். அந்த ஒழுங்கு தெரிந்தால்தான் அடுத்த உணவை எங்கிருந்து தொடங்குவது என்று திட்டமிட முடியும்.

பத்து வயதுப் பெண் திடீரென்று திட உணவை விட்டுவிட்டாள். இதையும் இப்படித்தான் பார்ப்பதா?

‘திடீரென்று’ என்பதுதான் இங்கே தடயம். தொண்டை அடைத்தது, வாந்தி எடுத்தது, வேறொருவர் மூச்சுத் திணறியதைப் பார்த்தது என்று ஏதாவது நடந்ததா என்று கேட்க வேண்டும். பயம் என்று தெரிந்தாலும், உணவு சிக்கியதற்குக் காரணமே உணவுக்குழாய் அழற்சியாக இருக்கக்கூடும். அடைப்பு ஏன் வந்தது என்பதையும் விசாரிக்க வேண்டும்.

அடுத்து, எடை கூடிவிடுமோ, குண்டாகிவிடுவேனோ என்ற அச்சம் உண்டா? இருந்தால் அது ஆர்ஃபிட் அல்ல, மெலிய வேண்டும் என்று உணவை மறுக்கும் அனோரெக்சியாவின் பக்கம் பார்க்க வேண்டும். இதை அவளிடம் தனியாக, நிதானமாக, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கேட்பது நல்லது. முதல் தடவை உண்மை வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

குழாய் வழியாக உணவு பெறும் குழந்தைக்கு?

குழாயை எடுக்கலாமா என்ற பேச்சுக்கு முன் மூன்றை உறுதி செய்ய வேண்டும்: பாதுகாப்பாக விழுங்குகிறது, குழாய் போட்ட காரணம் தீர்ந்துவிட்டது, எடையில் சற்றே சரிவு வந்தாலும் தாங்கும் இருப்பு உடலில் இருக்கிறது. பசியே எடுக்காதபடி நாள் முழுக்கக் குழாய் வழியாக உணவு போய்க்கொண்டிருந்தால், குழந்தைக்கு வாய்வழியாகச் சாப்பிடும் விருப்பம் உண்டா என்று மதிப்பிடவே முடியாது.

எப்போது தாமதிக்கக் கூடாது?

எச்சில் வழிய, எதையும் விழுங்க மறுக்கும் சின்னக் குழந்தை நாணயத்தையோ பொத்தான் மின்கலத்தையோ விழுங்கியிருக்கலாம். மின்கலம் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடும், அதனால் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பச்சை நிற வாந்தி, வாந்தியில் ரத்தம், குடிக்கும்போது நீலம் பாய்தல், சிறுநீர் வற்றிப்போதல், எழுப்ப முடியாத சோர்வு இவற்றுக்கும் அப்படியே. காலையில் தலைவலியோடு வரும் வாந்தி, மீண்டும் மீண்டும் வரும் நிமோனியா, வேகமான எடை இழப்பு இவற்றுக்கு அடுத்த மாதச் சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம்.

நெடுநாள் மிகக் குறைவாகச் சாப்பிட்டு மெலிந்த பிள்ளைக்கு வீட்டில் திடீரென்று அளவைக் கூட்டிக் கொடுப்பதும் ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சரிந்து இதயத்தைப் பாதிக்கலாம். முதல் நாட்களின் உணவைக் கண்காணிப்போடு கூட்ட வேண்டும்.

எங்கள் ஊரில் இப்படிப்பட்ட குழு எதுவும் இல்லை. தனித்தனி மருத்துவர்கள்தான். என்ன செய்வது?

ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் குழந்தை மருத்துவரே அதற்கு ஏற்றவர். ஒவ்வொரு நிபுணரிடம் அனுப்பும்போதும் ‘பார்த்துச் சொல்லவும்’ என்று எழுதாமல், குறிப்பான கேள்வியை எழுதித் தரச் சொல்லுங்கள்: தண்ணீர் பாதுகாப்பாக இறங்குகிறதா, கடிக்கும் உணவுக்குத் திறன் தயாரா, பயம் எவ்வளவு. எல்லா அறிக்கைகளையும் ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொருவரிடமும் முழுக் கோப்பையும் காட்டுங்கள். ஒருவர் கெட்டியான உணவு கொடு என்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார் என்றால், இருவரும் ஒரு தடவை தொலைபேசியில் பேசிக்கொள்ளச் சொல்லிக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். எதிரெதிர் அறிவுரைகளை வீட்டில் உட்கார்ந்து சமன் செய்யும் பொறுப்பு பெற்றோருடையது அல்ல.

மதிப்பீடு முடிந்தது என்று எப்போது சொல்லலாம்? கையில் என்ன இருக்க வேண்டும்?

நோயின் பெயர் மட்டும் எழுதிய தாள் போதாது. எது தொடங்கி வைத்தது, இப்போது எது தொடர வைக்கிறது, நான்கு தளங்களில் எதில் எவ்வளவு சிக்கல் என்பது நாலைந்து வரியில் புரியும்படி இருக்க வேண்டும். இன்றைக்கு எந்தக் கெட்டி, எந்தப் பதம், எவ்வளவு அளவு பாதுகாப்பானது, எதைக் கொடுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். முதலில் எதைச் சரி செய்யப் போகிறோம், ஏன் அது முதலில் என்பதும் வேண்டும்: வலி இருக்கும்போது பழக்கத்தை மாற்றும் பயிற்சி தொடங்கக் கூடாது, விழுங்கும் பாதுகாப்பு தெரியாமல் அளவைக் கூட்டக் கூடாது. அடுத்த எடை என்றைக்குப் பார்ப்பது, எவ்வளவு குறைந்தால் உடனே அழைப்பது, யாரை அழைப்பது என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். இவற்றில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் எழுந்து வருவதற்கு முன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.